செய்தி மடலின் பின்பக்கம்

மாதத்தின் கடைசி வாரம் பிறந்துவிட்டால் ஆசிரியர் அறையில் என் மேசைமீது துண்டுச் சீட்டுகள் சேரத் தொடங்கும். கட்டுரைப் போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற மாணவியின் பெயர் ஒரு சீட்டில் இருக்கும். கைப்பந்து அணி அரையிறுதிக்குச் சென்ற செய்தி இன்னொன்றில் இருக்கும். நூலகத்துக்குப் புதிதாக வந்த புத்தகங்கள், எட்டாம் வகுப்பினர் கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய நாள், பருவத் தேர்வு அட்டவணையில் கடைசி நேரத்தில் செய்த மாற்றம் என்று மற்றவை ஒவ்வொன்றாக வரும். இவற்றையெல்லாம் கோத்து, பிழை நீக்கி, ஒரே தாளின் இரு பக்கங்களுக்குள் அடக்கிப் பெற்றோருக்கு அனுப்பும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. மொழியாசிரியர் இருக்கும்போது எழுதுகிற வேலையை வேறு யாரும் செய்ய வேண்டியதில்லை என்பது உயர்நிலைப் பள்ளிகளில் யாரும் எழுதிவைக்காத விதி. ஆண்டு விழா வரவேற்புரை முதல் குடிநீர்க் குழாயருகே ஒட்டும் எச்சரிக்கை வரை எல்லாம் என் தலையில் விழுந்தது அந்த விதிப்படிதான்.

மடலின் அமைப்பு எனக்கு முன்பே முடிவாகியிருந்தது. முன்பக்கத்தின் தலைப்பு ‘நிகழ்ந்தவை’, பின்பக்கத்தின் தலைப்பு ‘நிகழவிருப்பவை’. முன்பக்கத்தில் படங்கள் இருக்கும், பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும், ‘சிறப்பாக’, ‘பெருமை சேர்க்கும் வகையில்’ போன்ற சொற்கள் தாராளமாக இருக்கும். பின்பக்கத்தில் தேதியும் நிகழ்ச்சியின் பெயரும் கொண்ட ஓர் அட்டவணை பொடி எழுத்தில் இருக்கும். எனக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர் சைக்ளோஸ்டைல் காலத்து மனிதர். டேவிட் கெஸ்டெட்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அந்த முறையில், மெழுகு பூசிய தாளில் எழுத்து கீறப்பட்ட இடத்தின் வழியாக மை இறங்கும். கீறியதைத் திருத்துவது பெரும்பாடு என்பதால் சொற்களை எண்ணி எண்ணித்தான் எழுதுவார்கள். பொறுப்பை என்னிடம் ஒப்படைத்த அன்று அவர், “முன்பக்கம் எச்.எம். படிக்க, பின்பக்கம் பிள்ளைங்க படிக்க. இடம் பத்தலேன்னா பின்பக்கத்துல வெட்டுங்க” என்றார். நானும் நெடுநாள் அப்படியே வெட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழக்கத்தை நிறுத்தியவர் ஒரு தந்தை. பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மகளின் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த மடலை எடுத்துப் பின்பக்கம் தெரியும்படி என் முன்னால் விரித்து வைத்தார். அதில் ஒரு வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, “அறிவியல் கண்காட்சிக்குப் பேர் கொடுக்கக் கடைசி நாள் பன்னெண்டுன்னு போட்டிருக்கு டீச்சர். இந்தத் தாள் எங்க வீட்டுக்கு வந்ததே பதினாலாம் தேதிதான்” என்றார். குரலில் சண்டைக்கான தொனி இல்லை. மின்கட்டணச் சீட்டில் தவறான எண் விழுந்துவிட்டதைச் சொல்லும் ஒருவரின் பொறுமையோடு பேசினார். நான் அச்சகம், விடுமுறை, தாமதம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “அப்ப இது யாருக்குன்னு போட்டது?” என்று கேட்டார்.

அது யாருக்காகவும் போடப்பட்டதல்ல என்பதே உண்மையான பதில். ஏனென்றால், கண்காட்சியில் கலந்துகொள்ள வேண்டிய மாணவர்களின் பட்டியல் மடல் அச்சாவதற்கு முன்பே நிரம்பியிருந்தது. அறிவியல் ஆசிரியர் சென்ற ஆண்டு நன்றாகச் செய்த பிள்ளைகளை வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேதியைச் சொல்லியிருந்தார். அவர்கள் தங்கள் நண்பர்களிடம் சொன்னார்கள். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நாற்பது கண்காட்சி மேசைகளுக்கு ஆள் சேர்க்க வேண்டிய ஒருவர், வேலையை நம்பி ஒப்படைக்கக்கூடியவர்களையே முதலில் தேடுவார். பின்பக்கத்தில் இருந்த வரி, தகவல் சொல்லியாகிவிட்டது என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லிக்கொள்வதற்கான சான்றாக மட்டுமே இருந்தது.

அந்த வார இறுதியில் பழைய மடல்களின் கோப்பை வீட்டுக்கு எடுத்துவந்து, பென்சிலோடு உட்கார்ந்து பெயர்களை மட்டும் படித்தேன். மாதங்கள் மாறின, நிகழ்ச்சிகள் மாறின, பெயர்கள் அவ்வளவாக மாறவில்லை. பேச்சுப் போட்டியில் வென்றவள் வினாடி வினாவிலும் இருந்தாள், பிறகு மாணவர் தலைவியானாள், அடுத்து விருந்தினரை வரவேற்று மேடையில் நின்றாள். எட்டாம் வகுப்பில் ஒருமுறை முன்பக்கத்தில் வந்துவிட்ட பெயர் பத்தாம் வகுப்பு முடியும்வரை வந்துகொண்டே இருந்தது. எட்டாம் வகுப்பில் வராத பெயர் பெரும்பாலும் கடைசிவரை வரவில்லை. பட்டியலைப் பார்த்தால் யாரோ திட்டமிட்டு ஓரவஞ்சனை செய்திருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு முடிவின்போதும் உடனிருந்தவள் என்ற முறையில், அப்படி யாரும் செய்யவில்லை என்று என்னால் சொல்ல முடியும். ஒருமுறை தெரிந்த பெயர் அடுத்த முறை முதலில் நினைவுக்கு வருகிறது, நடந்தது அவ்வளவுதான்.

சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதைப்போன்ற ஒன்றை அறிவியலாளர்களிடையே கண்டு 1968இல் எழுதினார். ஏற்கெனவே புகழ்பெற்றவருக்கும் புதியவருக்கும் ஒரே கண்டுபிடிப்பில் பங்கிருந்தால், பெருமையின் பெரும்பகுதி புகழ்பெற்றவரிடமே போய்ச் சேர்கிறது என்பது அவருடைய கருத்து. உள்ளவனுக்கே மேலும் கொடுக்கப்படும் என்ற மத்தேயு நற்செய்தியின் வரியை ஒட்டி அதற்கு ‘மத்தேயு விளைவு’ என்று பெயரிட்டார். ஆய்வுக்கூடங்களில் நடப்பது பள்ளியில் நடக்காதா என்ன? பள்ளியில் அது இன்னும் எளிதாக நடக்கும், ஏனெனில் இங்கே பெருமையைப் பங்கிடுகிற ஆட்கள் மிகச் சிலரே. அவர்கள் மாலை ஐந்து மணிக்குக் களைத்துப்போயிருப்பவர்கள் வேறு.

விளையாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வயதுப் பிரிவுகளை ஒரு குறிப்பிட்ட நாளை எல்லையாக வைத்துப் பிரிக்கிறோம். அந்த நாளுக்கு மறுநாள் பிறந்தவனும் அதற்குப் பதினொரு மாதம் கழித்துப் பிறந்தவனும் ஒரே பிரிவில், ஒரே கோட்டில் நிற்கிறார்கள். வளரும் பருவத்தில் பதினொரு மாதம் என்பது கால் நீளத்திலும் நெஞ்சகலத்திலும் தெரியக்கூடிய வித்தியாசம். கனடாவில் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்த ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் பணியாற்றியவர்களும், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் உயர்நிலை அணிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருப்பதை 1985இல் காட்டினார்கள். அங்கே வயதைக் கணக்கிடும் எல்லை ஜனவரி 1. சற்று மூத்தவன் சிறுவயதில் தேர்வாகிறான், தேர்வானதால் நல்ல பயிற்சி பெறுகிறான், பயிற்சி பெற்றதால் உண்மையாகவே சிறந்தவனாகிவிடுகிறான். தொடக்கத்தில் இருந்தது பிறந்தநாள் வித்தியாசம் மட்டும்தான் என்பது பிறகு யாருக்கும் நினைவிருப்பதில்லை. இதை எங்கள் விளையாட்டு ஆசிரியரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். பிறகு தம்முடைய பதிவேட்டைத் திறந்து, பதினான்கு வயதுக்குட்பட்டோர் அணியின் பிறந்த தேதிகளின்மீது விரலை ஓட்டினார். ஓர் அணியை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் அவர் பதிவேட்டை மூடிய பிறகு சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறந்த தேதியை மடலால் மாற்ற முடியாது. ஆனால் வரிசையில் யார் யார் வந்து நிற்கிறார்கள் என்பதில் மடலுக்கு ஒரு பங்கு இருக்க முடியும் என்று எனக்குப் பட்டது. முன்பக்கத்தை நான் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது முடிந்துபோன கதை. அதில் பெயர் வராத பிள்ளைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. பின்பக்கத்தில் மட்டும்தான் அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவைத்தான் நான் இத்தனை ஆண்டுகளாகப் பொடி எழுத்தில் அடைத்துவைத்திருந்தேன்.

முதல் சோதனையை விளையாட்டு விழாவில் செய்தேன். வழக்கமாகப் பின்பக்கத்தில் ‘விளையாட்டு விழா’ என்ற இரண்டு சொல்லும் ஒரு தேதியும் மட்டுமே இருக்கும். அந்த மாதம் அதன் கீழே நான்கு வரிகள் சேர்த்தேன்: “விழாவுக்கு முந்தைய நாள் மாலை 3.30 மணி முதல் 5.30 மணி வரை மைதானத்தில் ஓடுபாதைக்குக் கோடு போடுகிறோம். இதற்கு ஆள் தேவை. ஓடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கயிற்றை விறைப்பாகப் பிடிக்கத் தெரிந்தால் போதும்.” கோடு போடுவது எப்போதும் தடகள அணிப் பையன்களின் வேலை என்பதால் விளையாட்டு ஆசிரியருக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஏழு பேர் வந்தார்கள். அவர்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை எனக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் தெரியும். பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று பதில் சொல்வான், அதற்குமேல் இரண்டு ஆண்டுகளில் அவன் குரலை நான் கேட்டதாக நினைவில்லை.

கோடு போடும் வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்காதவர்களுக்கு அதிலுள்ள நுணுக்கம் தெரியாது. தரமான மைதானத்தில் உட்புறப் பாதையின் ஒரு சுற்று 400 மீட்டர். எங்கள் மைதானம் சிறியதாகையால் 200 மீட்டர்தான். பாதையின் அகலத்தை மட்டும் விதிப்படி 1.22 மீட்டராக வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முழுவதும் அவரவர் பாதையிலேயே ஓடவேண்டிய போட்டியில் எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளிப்பாதையில் ஓடுபவர் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கும். அதனால் ஒவ்வொரு பாதைக்கும் தொடக்கக் கோட்டை முன்னே தள்ளிப் போட வேண்டும். விளையாட்டு ஆசிரியர் மைதானத்தின் நடுவில் முளையடித்து, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு, “அடுத்தது ஏழு மீட்டர் அறுபத்தேழு முன்னால போ, அதுக்கடுத்தது இன்னொரு ஏழு அறுபத்தேழு” என்று சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பையன் சுண்ணாம்புப் பொடி வாளியோடு அவர் பின்னால் நடந்தான்.

மூன்றாவது பாதையில் அவன் நின்றுவிட்டான். “சார், பெரிய கிரவுண்டுல இது இன்னும் அதிகமா இருக்குமா?” என்று கேட்டான். பெரிய மைதானம், பெரிய வளைவு, ஆகவே அதிகமாகத்தான் இருக்க வேண்டும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றியது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒரு குச்சியால் மண்ணில் எழுதினான். உள்வட்டத்தின் ஆரம் எதுவாக இருந்தாலும், வெளிவட்டத்தின் ஆரம் அதைவிட 1.22 மீட்டர் கூடுதல். சுற்றளவுகளைக் கழித்தால் ஆரம் அடிபட்டுப் போய்விடுகிறது, மிஞ்சுவது இரண்டு பை பெருக்கல் 1.22 மட்டும். அதுதான் 7.67. மைதானம் பெரிதானாலும் சிறிதானாலும், ஏன், பூமியையே சுற்றி ஒரு பாதை போட்டாலும் அதே 7.67தான். விளையாட்டு ஆசிரியர் குனிந்து மண்ணில் எழுதியிருந்ததைப் படித்தார். “இருபது வருஷமா இந்த நம்பரை மனப்பாடமா வச்சிருக்கேன்டா” என்றார். பிறகு, உட்புற விளிம்பில் கட்டை பதித்த மைதானங்களில் முதல் பாதையைக் கட்டையிலிருந்து 30 சென்டிமீட்டரும் மற்ற பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டரும் தள்ளி அளப்பார்கள், அதனால் அங்கே இரண்டாம் பாதைக்கு மட்டும் 7.04 வரும் என்று சொன்னார். பையன் அதையும் மண்ணில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் வாளியை எடுத்தான்.

விழா நடந்தது. ஓட்டத்தில் வென்றவர்கள் எதிர்பார்த்தவர்களே. தொடர் ஓட்டத்தில் ஓர் அணி கோலைத் தவறவிட்டதால் இன்னோர் அணிக்கு எதிர்பாராத வெற்றி கிடைத்தது. அவையெல்லாம் முன்பக்கத்தில் வந்தன. மண்ணில் எழுதிய கணக்கை முன்பக்கத்தில் போட எனக்கு ஆசைதான். போட்டால் அவனைக் காட்சிப்பொருளாக்கியது போலாகிவிடுமோ என்ற தயக்கமும் இருந்தது. கணித ஆசிரியரிடம் பேசினேன், அவர் அவனிடம் பேசினார், கடைசியில் அது பின்பக்கத்தில் ஒரு நிகழ்ச்சியாக வந்தது. மார்ச் 14ஐ அனைத்துலகக் கணித நாளாக யுனெஸ்கோ 2019 நவம்பரில் அறிவித்து, 2020 முதல் அது கடைப்பிடிக்கப்படுகிறது. தேதியை மாதம் முன்னாக எழுதினால் 3, 14 என்று பையின் தொடக்க இலக்கங்கள் வருவதே அந்த நாளைத் தேர்ந்ததற்குக் காரணம். எங்கள் அறிவிப்பு இப்படி இருந்தது: “மார்ச் 14, மாலை 3.45 முதல் 4.30 வரை. மைதானத்தில் கயிறும் அளவு நாடாவும் கொண்டு ஒரு கேள்விக்கு விடை காண்போம். ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் நடத்துகிறார். கணக்கில் மதிப்பெண் குறைந்தவர்கள் முன்வரிசையில் நிற்கலாம்.” கடைசி வரியைக் கணித ஆசிரியர் எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

இந்தச் சிறப்பு நாட்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பிப்ரவரி 21 தாய்மொழி நாள், ஏப்ரல் 23 புத்தக நாள், ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள், செப்டம்பர் 8 எழுத்தறிவு நாள், அக்டோபர் 5 ஆசிரியர் நாள் என்று ஆண்டு முழுவதும் நாட்காட்டி நிறைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நல்ல வரலாறு இருக்கிறது. சுற்றுச்சூழல் நாளுக்கு 1972இல் ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. மாநாடும், உலக ஆசிரியர் நாளுக்கு 1966இல் ஆசிரியர்களின் நிலை குறித்து ஏற்கப்பட்ட அனைத்துலகப் பரிந்துரையும் பின்னணியாக உள்ளன. ஆனால் பள்ளியில் இவற்றில் பெரும்பாலானவை காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி மனப்பாடமாகச் சொல்லும் மூன்று நிமிட உரையோடு முடிந்துவிடுகின்றன. அந்த மாணவி யார் என்பதும் நமக்குத் தெரியும், முன்பக்கத்தில் ஏற்கெனவே வந்தவள். இப்போதெல்லாம் ஒரு சிறப்பு நாளுக்கான சீட்டு என் மேசைக்கு வந்தால், அன்றைக்குப் பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். கேட்கப் போகிறார்கள் என்பது பதிலானால் அதற்கு மடலில் ஒரு வரிக்குமேல் இடமில்லை.

அறிவிப்பின் மொழியைப் பற்றி ஒரு மொழியாசிரியர் கொஞ்சம் கூடுதலாகப் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘பெற்றோர் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று நானே எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். கேட்டுக்கொள்வது யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. வர முடியாதவர் என்ன செய்வது என்றும் இல்லை. ‘தவறாது’ என்ற சொல் மட்டும், இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்புகிற ஒரு தாயை, அவர் இன்னும் எதுவும் செய்யாதபோதே குற்றவாளியாக்கிவிடுகிறது. இப்போது, “வர முடியாதவர்கள் டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம்” என்று எழுதுகிறோம். கூட்டத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை இதனால் குறைந்துவிடும் என்று ஒரு சக ஆசிரியர் எச்சரித்தார். வருகை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் முன்பு ஒருபோதும் வராத சில வீடுகளிலிருந்து டைரியில் வரிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு டைரியில் பிள்ளையின் கையெழுத்திலேயே, “அம்மா சொல்லச் சொன்னது” என்ற தலைப்போடு வந்தது.

இன்னொரு சொல் ‘முதல்’. ‘மாலை 4 மணி முதல் ஆண்டு விழா’ என்று போடுவோம், எத்தனை மணிக்கு முடியும் என்று போடமாட்டோம். பெற்றோருக்கு முதலில் தெரியவேண்டியது முடியும் நேரம்தான். மகளை இருட்டில் யார் அழைத்துவருவது, தம்பியை அதுவரை யார் பார்த்துக்கொள்வது, கடைசிப் பேருந்து கிடைக்குமா என்ற எல்லாமே அதைப் பொறுத்தவை. இதை நான் தெரிந்துகொண்டதும் ஒரு மாணவியால்தான். நாடகத்தில் நல்ல வேடம் கிடைத்தும் அவள் மறுத்துவிட்டாள். காரணம் கேட்டபோது, “ஒத்திகை எப்ப முடியும்னு தெரியாம வீட்ல கேக்க முடியாது டீச்சர்” என்றாள். கூச்சம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த எத்தனை மறுப்புகளுக்கு உண்மையில் ஒரு கடிகார முள்தான் காரணமோ என்று அன்று தோன்றியது. முடியும் நேரத்தை அச்சிடத் தொடங்கிய பிறகு ஒத்திகைகளும் நேரத்துக்கு முடியத் தொடங்கின. அச்சில் வந்துவிட்டதே என்ற பயம் ஆசிரியர்களுக்கும் உண்டு.

காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே செங்குத்தாக இறங்கிவிடுகிறது என்பது அவருடைய முடிவு. காலை ஒன்பது மணிக்கு வெயிலில் நின்றபடி கேட்ட ஒரு தேதி மாலை வீடு போய்ச் சேரும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை. வாட்ஸ்அப் குழுவிலும் அனுப்புகிறோம்தான். அங்கே அறிவிப்பு போன இரண்டு நிமிடத்தில் நாற்பது ‘நன்றி’களும் கைகூப்பிய படங்களும் வந்து அதை மேலே தள்ளிவிடுகின்றன. நன்றி சொன்னவர்களில் எத்தனை பேர் படித்தார்கள் என்பது வேறு கேள்வி. கதவில் ஒட்டிவைக்க முடிகிற தாளுக்கு இன்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தலைமை ஆசிரியருக்கு இந்த மாற்றத்தில் ஒரு மறுப்பு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. முன்பக்கத்தைக் குறைத்தால், உழைத்து வென்ற பிள்ளையின் வீட்டில் மனம் நோகும் என்றார். அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டிவைத்த வீடுகளை நானும் அறிவேன். பங்கேற்ற எல்லோர் பெயரையும் போட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நான்தான் எதிர்த்தேன். எல்லோர் பெயரும் உள்ள பட்டியலில் யாரும் தம் பெயரைத் தவிர வேறெதையும் படிப்பதில்லை. கடைசியில் முன்பக்கமும் பின்பக்கமும் இடம் மாறாமலே அளவு மாறின. வெற்றிச் செய்திகள் பாதிப் பக்கத்தில் அடங்கின. எஞ்சிய பாதியில் மாதம் ஒரு வேலையைப் பற்றி, அதைச் செய்பவரிடம் கேட்டு, விவரமாக எழுதுகிறோம். விழா நடுவில் ஒலிபெருக்கி கரகரத்தபோது எந்தக் கம்பியைப் பிடித்து அசைத்தால் சரியாகும் என்று அறிந்த மாணவி, நூலகத்தில் கிழிந்த முதுகுகளை ஒட்டும் இருவர் ஆகியோரெல்லாம் அப்படி வந்தவர்கள். பிள்ளையிடமும் வீட்டாரிடமும் கேட்காமல் படம் போடுவதில்லை என்ற விதியையும் அப்போதே சேர்த்துக்கொண்டோம்.

எல்லாம் சரியாகிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். சதுரங்கக் குழுவுக்கு எவ்வளவு அழைத்தும் பழைய ஐந்து பேரே வருகிறார்கள். அழைப்பைப் பார்த்து வந்த புதியவன் ஒருவன் முதல் நாளே நான்கே நகர்த்தலில் தோற்கடிக்கப்பட்டான், மறுநாள் வரவில்லை. அழைப்பது என் வேலை, உட்கார வைப்பது அந்தக் குழுவின் வேலை, அதை அச்சில் செய்ய முடியாது. சக ஆசிரியர்களோ இன்னமும் தேதிகளைக் கடைசி நாளில்தான் தருகிறார்கள். உறுதியாகாத தேதியை எப்படித் தருவது என்று கேட்கிறார்கள். உறுதியாகவில்லை என்ற குறிப்போடு போடுகிறேன், தாருங்கள் என்று கெஞ்சுகிறேன். மாறக்கூடிய தேதி மூன்று வாரம் முன்பே தெரிவது, மாறாத தேதி இரண்டு நாள் கழித்துத் தெரிவதைவிட மேல் என்பதை அந்தத் தந்தையிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

இந்த மாதப் பின்பக்கம் என் முன்னால் திருத்தத்துக்காகக் கிடக்கிறது. திருப்புதல் தேர்வுகள் முழு அட்டவணையோடு வந்துவிட்டன. பெற்றோர் கூட்டத்துக்கு முடியும் நேரம் போட்டாகிவிட்டது. சாரணர் முகாமுக்கான செலவு எவ்வளவு, கட்ட முடியாதவர்கள் யாரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்ற வரியை விளையாட்டு ஆசிரியர் நாளை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாள் மடல் வீடு சேர்ந்து மூன்று வாரம் கழித்து வருகிறது. அதன் கீழே, “செய்துகாட்டப் பொருள் எதுவும் கையில் இல்லாதவர்களும் பெயர் தரலாம், ஒரு கேள்வி இருந்தால் போதும்” என்று எழுதி, ஒரு பிரதியை முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். இன்று மாலை பெட்டியைத் திறந்தபோது பெயர் எழுதாத ஒரு சீட்டு மட்டும் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், பென்சில் எழுத்து: “கேள்வி மட்டும் இருந்தா போதும்னு போட்டிருக்கீங்களே, நிஜமாவா?”

பெயரில்லாத சீட்டுக்கு நேரில் பதில் சொல்ல வழியில்லை. நாளைக் காலை முதல் மணி அடிக்கும் முன் பலகையில் ஒட்டுவதற்காக ஒரு சிறு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: “நிஜமாகத்தான். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்கு வரவும். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.”